ஃபைல் கெடவில்லை

பத்திரிகை, போஸ்டர் டிசைன் செய்து கொடுக்கிற அக்கா கடையில், கம்ப்யூட்டரில் ஃபைல்கள் திறக்காமல் போன விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜையும் கேட்டிருப்பீர்கள். அதைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த பதில்களுக்குத்தான் இது. "எல்லா ஃபைலும் கரப்ட் ஆயிடுச்சு மேடம், ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும், ரெண்டாயிரம் ஆகும்" என்று சொல்கிறார். அப்புறம் மெசேஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரிடம், "ஐகான் மாறினதுக்கே அழுவுறாங்க" என்று சிரிக்கிறார். நான்கு நாளாக அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

ஐகான்தான் மாறியிருக்கிறது என்று தெரிந்த மனிதருக்கு, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடுகிற ஃபார்மட் எதற்கு? இந்த ஒரு கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

ஃபைல் கெடவில்லை. இதைத்தான் நான் அன்றைக்கும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அக்கா டிசைன் போடுகிற சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் போட்டார்கள். போட்ட பிறகு, இடம் அடைக்கிறதே என்று பழைய வெர்ஷனை எடுத்துவிட்டார்கள். அது போகும்போது "இந்த வகை ஃபைலை நான்தான் திறப்பேன்" என்று கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்த குறிப்பையும் சேர்த்து அழித்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் நடந்தது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடைத் திறப்பு விழா நோட்டீஸ் எல்லாம் வெள்ளைத் தாள் ஐகானாக நின்றன. கிளிக் செய்தால் "எதைக் கொண்டு திறப்பது?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. அக்காவுக்குக் கை நடுங்கிவிட்டது. மறுநாள் காலையில் முகூர்த்தப் பத்திரிகை ஒன்று அச்சுக்குப் போக வேண்டும்.

ஒருவர் வீடு மாறிவிட்டார். கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. கடிதம் கிழிந்துவிட்டது, எரித்துவிடலாம் என்று தபால்காரர் சொல்வாரா? விண்டோஸில் ஃபைல் பெயருக்குக் கடைசியில் புள்ளி வைத்து மூன்று நான்கு எழுத்து இருக்கிறதல்லவா, அதுதான் விலாசத்துக்கான அடையாளம். ரெஜிஸ்ட்ரி என்கிற பதிவேட்டில் ஒவ்வொரு முடிவெழுத்துக்கும் நேராக இதைத் திறக்க வேண்டிய புரோகிராம் எது என்று இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பொதுவாக ஒரு குறிப்பு, அதில் வேலை செய்கிற ஆளுக்கென்று தனியாக இன்னொன்று. தனிக் குறிப்பு இருந்தால் அதுவே செல்லும். சாஃப்ட்வேரை ஏற்றும்போதும் இறக்கும்போதும் இந்தப் பதிவேட்டில்தான் கை படுகிறது. உங்கள் ஃபைலின் உள்ளே ஒரு எழுத்துகூட நகர்வதில்லை.

இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். ஃபைலைக் கிளிக் செய்யாதீர்கள். முதலில் சாஃப்ட்வேரைத் திறந்து, அதற்குள் ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்து அந்த ஃபைலைக் காட்டுங்கள். திறந்தால் ஃபைல் நன்றாக இருக்கிறது. திறக்காவிட்டால்தான் அடுத்த சந்தேகம். அந்த மனிதர் இதைக்கூடச் செய்து பார்க்கவில்லை.

சரி செய்ததும் பெரிய வித்தை இல்லை. ஃபைல் மேல் ரைட் கிளிக், ஓபன் வித், வேறு ஆப் தேர்ந்தெடு, புது வெர்ஷனைக் காட்டி "எப்போதும்" என்பதை அழுத்தினேன். பட்டியலில் அதன் பெயரே வரவில்லை என்றால் அது இருக்கிற ஃபோல்டருக்குப் போய் நாமே காட்டலாம். அதற்கும் மசியவில்லை என்றால், புது வெர்ஷனின் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி ரிப்பேர் கொடுத்தால் பெரும்பாலும் தன் குறிப்பைத் தானே திரும்ப எழுதிக்கொள்ளும். அக்கா கடையில் மொத்தம் பத்து நிமிடம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: பதற்றத்தில் நோட்பேடில் திறந்துவிட்டு, கண்டபடி எழுத்து வருகிறதே என்று சேவ் கொடுத்துவிடாதீர்கள். நல்ல ஃபைல் அப்போதுதான் நிஜமாகவே கெடும். முடிவெழுத்தை மாற்றி எழுதிப் பார்ப்பதும் வேண்டாம். பெயரை மாற்றினால் ஃபைலின் வகை மாறிவிடாது.

பிடிஎஃப் கதை தனி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் பலரும் 11-க்கு மாறினார்கள், அக்காவும் மாறினார். அதிலிருந்து பிடிஎஃப் எல்லாம் பிரௌசரில் திறந்தது. அதனால் என்ன, திறக்கிறதே என்றார் ஒருவர். கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இ-ஆதார் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் கையெழுத்துப் பகுதியில் பச்சை டிக் வேண்டும் என்கிறார்கள். டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க அதற்கான பிடிஎஃப் ரீடர் சாஃப்ட்வேர் வேண்டும். பிரௌசரில் கேள்விக்குறியோடு அச்சாகி வந்தால், திட்டு வாங்குவது அக்காதான். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ் போய், மேலே உள்ள பெட்டியில் புள்ளி வைத்து பிடிஎஃப் என்று அடித்தால் மாற்றிக்கொள்ளலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் பல நாள் திட்டு வாங்கியிருக்கிறார்.

எந்த ஃபைலை எது திறக்கும் என்பதை விண்டோஸ் தன் கையில் வைத்திருப்பதைப் பற்றி, "பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பாதி நியாயம், ஒத்துக்கொள்கிறேன். கண்ட புரோகிராமும் உள்ளே வந்து நம்மைக் கேட்காமலே எல்லா ஃபைலையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதனால் 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், அதைச் செய்கிற மைக்ரோசாஃப்ட்காரர்கள் நம் தேர்வோடு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டையும் சேர்த்து வைக்கிறார்கள். விண்டோஸ் 10-இல் அந்தக் குறியீடு பொருந்தவில்லை என்றால் பழையபடி தன் சொந்த ஆப்புக்கே திருப்பிவிட்டு, ரீசெட் செய்துவிட்டேன் என்று மூலையில் ஒரு அறிவிப்பு வரும். ஆனால் மற்றவர்கள் கையைக் கட்டியவர்கள் தங்கள் கையைக் கட்டிக்கொண்டார்களா? 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்ததுமே ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரைச் செய்கிற மொஸில்லாவின் அப்போதைய தலைவர் கிறிஸ் பியர்ட் மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளாவுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். மேம்படுத்தும்போது மக்கள் ஏற்கெனவே செய்து வைத்த தேர்வுகள் தூக்கி எறியப்படுகின்றன என்பதுதான் அவருடைய புகார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, பிரௌசரை மாற்ற ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2022-இல்தான் ஒரே பட்டன் கொடுத்தார்கள். என் ஃபைலை எது திறக்க வேண்டும் என்பது என் முடிவு. ஒருமுறை சொன்னால் போதாதா? ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நான் மறுபடி மறுபடி சொல்ல வேண்டுமா?

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்துக்கு மாறச் சொன்னவர்களுக்கு: அக்காவின் டிசைன் சாஃப்ட்வேர் அங்கே இல்லை. விட்டுவிடுங்கள்.

"பேக்கப் எடுக்காதது உங்கள் தப்பு" என்றும் வந்தது. ஆமாம், தப்புதான். அதற்காக, பூட்டு ரிப்பேர் செய்ய வந்தவர் வீட்டையே இடித்துவிட்டால் சரியா?

"அவரும் பிழைக்க வேண்டாமா, இரண்டாயிரத்துக்கு ஒரு மனிதரை இப்படியா பேசுவது" என்று கேட்டவர்களுக்குத்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவர் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். பத்து நிமிட வேலைக்கு ஐந்நூறு கேட்டிருந்தால் அக்கா மறுபேச்சு இல்லாமல் கொடுத்திருப்பார். படித்த வேலைக்குக் கூலி வாங்குவதில் தப்பே இல்லை. தெரியாதவர்களைப் பயமுறுத்திக் கூலி வாங்குவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை ஏன் தாங்க முடியவில்லை என்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

2009-ல் எங்கள் வீட்டில் இதே வார்த்தையைச் சொன்னார்கள். கரப்ட்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, அப்பத்தா பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் டைப் செய்து வைத்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். பாமினி எழுத்துரு. அந்தக் காலத்தில் தமிழ் டைப் செய்தவர்களுக்குத் தெரியும், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் வரும். கம்ப்யூட்டரைப் புதுப்பித்துக் கொண்டுவந்தபோது அப்பாவின் டைப்பிங் சாஃப்ட்வேரும் இல்லை, எழுத்துருவும் இல்லை. ஐகான்கள் எல்லாம் வெள்ளைத் தாள். வந்து பார்த்தவர் நோட்பேடில் ஒன்றைத் திறந்தார், கண்டபடி எழுத்துகளைப் பார்த்தார், எல்லாம் கரப்ட் சார் என்றார். அப்பாவுக்கு என்ன தெரியும்? தான்தான் ஏதோ தவறாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்தார். "என் மேலதான் தப்பு" என்று அந்தப் பையனிடம் மன்னிப்பு வேறு கேட்டார். ஃபார்மட் செய்தார்கள். நானும் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

அதன் பிறகு அப்பா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அப்பத்தாவும் மறு வருடம் போய்விட்டார். திரும்பப் பாடிக் கேட்க ஆளில்லை. ஃபைல் கெடவில்லை, அப்பா. திறக்கத் தெரியாமல் அழித்துவிட்டோம். இதை அவர் இருக்கும்போது சொல்ல எனக்குத் தெரியவில்லை. பல வருடம் கழித்து வேலைக்குப் போன இடத்தில் இதே பிரச்சினையை வேறொருவர் இரண்டே கிளிக்கில் சரி செய்ததைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

அதனால்தான் அக்கா போன் செய்து அந்தக் கரப்ட் என்ற வார்த்தையைச் சொன்னதும், எதையும் தொட விடாதே, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணு என்று கத்தினேன். ஆபீசிலிருந்து நேராக பஸ் ஏறினேன். இது ஐகானுக்காகப் போட்ட சண்டை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முகூர்த்தப் பத்திரிகை நேரத்துக்கு அச்சுக்குப் போய்விட்டது. அக்கா இப்போது ஓபன் வித் தானே செய்கிறார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் நேற்றுச் சொல்லிக்கொடுத்தாராம்.

இந்தச் சண்டைக்கு நடுவில் பழைய பீரோவைக் கிளறியபோது அப்பா எழுதி வைத்த சிடி ஒன்று கிடைத்தது. அதில் ஒன்பது ஃபைல். ஒன்பதும் வெள்ளைத் தாள். ஞாயிற்றுக்கிழமை லிப்ரே ஆபீஸ் என்கிற இலவச சாஃப்ட்வேரில் திறந்தேன். அரைப்புள்ளியும் ஆங்கிலமுமாக வந்தது. பாமினியை ஏற்றி, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, எழுத்துருவை மாற்றினேன். தமிழாக மாறி நின்றது. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே அப்பா ஒரே வரியை எழுதியிருக்கிறார்: பாடியவர், என் தாயார்.