வெள்ளம் தாங்கும் சப்1 நெல் மரபணு மாற்றப் பயிர் அல்ல

"சம்பாவுக்கு வரும் சிஆர் 1009 சப்1 விதை மரபணு மாற்றியது, சாப்பிட்டால் ஆபத்து" என்று டெல்டா வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் வயல்காரர்கள் இதை நம்பி விதையை ஒதுக்கிவிடுவார்களோ என்பதே என் கவலை.

சப்1 என்பது வெள்ளம் தாங்கவைக்கும் மரபணு. அது வேறு உயிரிலிருந்து எடுத்துச் செருகியது அல்ல; ஒடிசாவின் நாட்டு நெல்லில் இயல்பாகவே இருந்தது. அதைச் சுமந்த நெல்லோடு சிஆர் 1009 என்ற பழைய நெல் ரகத்தை மகரந்தம் சேர்த்து, பிறந்த பயிரை மறுபடி மறுபடி சிஆர் 1009-உடனேயே கலந்து தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம் இது. ஆய்வகத்தில் நடந்தது, எந்த நாற்றில் அந்த மரபணு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் சோதனைதான். இந்தியாவில் மரபணு மாற்ற நெல் எதற்கும் சாகுபடி அனுமதி இல்லை.

ஐப்பசி மழையில் வயல் மூழ்கினால் மற்ற நெல் தண்ணீருக்கு மேலே தலைநீட்ட முண்டி, சேர்த்த சத்தையெல்லாம் செலவழித்து அழுகிவிடும். இது வளராமல் அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் வரை தாங்கி, நீர் வடிந்ததும் புதுக் குருத்து விடும்.