ஜான் லூயிஸும் அவருடைய சிநேகிதனும்

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஜான் லூயிஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அலபாமா மாநிலத்தின் செல்மா பாலத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டிய இடம்தான். 1965 மார்ச் 7. கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கேட்டு சுமார் 600 பேர் ஊர்வலம். முன்வரிசையில் 25 வயது லூயிஸ். முதுகுப் பையில் இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பிரஷ், பேஸ்ட். எப்படியும் உள்ளே தள்ளுவார்கள் என்று ஜெயிலுக்கே மூட்டை கட்டி வந்திருக்கிறார். அலபாமா போலீஸ் அடித்ததில் மண்டையோட்டில் விரிசல். திருப்பிக் கை ஓங்கவில்லை. ஐந்தே மாதத்தில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அந்தப் பையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்னவோ செய்யும். ஆனால் நான் சொல்ல வந்தது 1986 கதை.

அட்லாண்டா நாடாளுமன்றத் தொகுதி. ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் லூயிஸுக்கு எதிரே ஜூலியன் பாண்ட். சம உரிமைக்குப் போராடிய மாணவர் இயக்கத்துக்கு லூயிஸ் தலைவராக இருந்தபோது பத்திரிகைத் தொடர்பைப் பார்த்துக்கொண்டவர். இருபது வருஷத்துக்கு மேலான சிநேகிதம். பாண்ட் கல்லூரித் தலைவரின் மகன். ஆளும் அழகு, பேச்சும் அழகு. லூயிஸ் வாரத்துக்குப் பயிர் செய்த வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் வீட்டுக் கோழிகளுக்குப் பிரசங்கம் பண்ணிப் பழகியவர். முதல் சுற்றில் பாண்ட் 47 சதவீதம், லூயிஸ் 35. யாருக்கும் பாதி கிடைக்காததால் இரண்டாம் சுற்று.

அப்புறம்தான் அது நடந்தது. ஒரு விவாதத்தில், எல்லோர் முன்னாலும், இப்போதே கழிவறைக்குப் போய் போதைப்பொருள் சோதனை செய்துகொள்ளலாமா என்று சிநேகிதனைக் கூப்பிட்டார் லூயிஸ். பாண்ட் சம்மதிக்கவில்லை. கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் பாண்ட் பக்கம் நின்றும், வெள்ளையர் ஓட்டின் தயவில் இரண்டாம் சுற்றில் லூயிஸ் 52க்கு 48 என்று ஜெயித்தார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. லத்தியிடம் காட்டிய பொறுமையில் கால்வாசியைக் கூடவா நண்பனிடம் காட்ட முடியாது? ஆனால் இதைச் சொல்லாமல் அவரை மகானாக்கும் அஞ்சலிகள் அதைவிடப் பிடிக்கவில்லை. அந்த மனுஷனுக்கு ஜெயித்தே தீர வேண்டும் என்ற வெறி இருந்தது. கறுப்பின வரலாற்றுக்கு ஒரு தேசிய அருங்காட்சியகம் வேண்டும் என்று 1988இல் மசோதா கொண்டுவந்தார்; தோற்கத் தோற்க மறுபடி மறுபடி கொண்டுவந்து 2003இல் நிறைவேற்றினார். அதுவும் அதே வெறிதானே.

2020இல் சாகும்வரை, 33 வருஷம், தொகுதி அவருடையதாகவே இருந்தது. பாண்ட் 2015இலேயே போய்விட்டார். அன்றைக்கு எழுதிய இரங்கல் குறிப்பில் லூயிஸ் 1986ஐ மறைக்கவில்லை. அது எங்களுக்குக் கஷ்டகாலம், பிறகு இன்னும் நெருக்கமானோம் என்று அவரே எழுதினார்.