அரண்மனையில் பிறந்து அடுக்களையில் வளர்ந்த எழுத்து

கொரிய எழுத்தைப் பற்றிய பேச்சு வந்தாலே, அதன் அறிவியல் அமைப்பைப் பாராட்டுவதோடு பலரும் முடித்துவிடுகிறார்கள். பாராட்டில் பிழையில்லை. ககரத்துக்குரிய எழுத்து அடிநா எழும்பித் தொண்டையை அடைக்கும் தோற்றத்திலும், நகரத்துக்குரியது நாக்கு மேலே சென்று ஒட்டும் தோற்றத்திலும், மகரத்துக்குரியது வாயின் தோற்றத்திலும் அமைந்திருப்பதைக் காணும்போது எனக்கும் வியப்பு அடங்குவதில்லை. ஆனால் இச்சிறப்பே அதற்குச் சமூகத்தில் இடம் வாங்கித் தந்தது என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மன்னர் செஜோங் 1443இல் 28 எழுத்துகளை உருவாக்கி, 1446இல் வெளியிட்டார். சீன எழுத்து கொரியப் பேச்சுக்குப் பொருந்தாததால், மனத்தில் உள்ளதை எழுத முடியாமல் எளிய மக்கள் பலர் தவிக்கிறார்கள் என்பதே முன்னுரையில் அவர் கூறிய காரணம். வெளியாகும் முன்பே, 1444இல், சே மல்லி முதலிய அரசவை அறிஞர்கள் எதிர்ப்பு மனு அளித்தார்கள். சீனத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வோர் மங்கோலியர், ஜப்பானியர் போன்ற நாகரிகமற்றோரே என்பது அவர்களின் வாதம். மன்னர் அவர்களை ஒருநாள் சிறையில் வைத்து விடுவித்தார். ஆயினும் அடுத்த நான்கரை நூற்றாண்டுகள் அவர்கள் எண்ணப்படியே நடந்தன என்பேன். அரசாணைகளும் ஆட்சிப்பணித் தேர்வுகளும் சீன எழுத்திலேயே தொடர, செஜோங்கின் எழுத்துக்குக் கொச்சை எழுத்து, பெண்கள் எழுத்து என்ற இளக்காரப் பெயர்களே மிஞ்சின.

அந்தப் பெண்கள்தாம் கடிதங்களிலும் கதைகளிலும் அதைப் புழங்கி வளர்த்தார்கள். இளவரசர் சாதோ 1762இல் தந்தையின் ஆணையால் அரிசிப் பெட்டியில் அடைபட்டு இறந்த கொடுமையை, அவர் மனைவி ஹ்யேக்யோங் சீமாட்டி முதுமையில் எழுதி வைத்தது இவ்வெழுத்தில்தான். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1504இல், தன் கொடுமைகளைச் சாடும் பெயரற்ற சுவரொட்டிகள் இவ்வெழுத்தில் வந்ததால், யோன்சான் மன்னன் இதைக் கற்பதையே தடைசெய்தான். இகழப்பட்ட எழுத்துக்கு அரியணை அஞ்சியது என்பதைவிடப் பெரிய நற்சான்று வேறென்ன வேண்டும்?

அரசு ஆவணங்களில் இதற்கு முதலிடம் கிடைக்க 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வெழுத்துக்கு 'ஹங்குல்' என்ற பெயரே 20ஆம் நூற்றாண்டில்தான் வழக்குக்கு வந்தது. ஜப்பானிய ஆட்சி 1942இல் கொரிய மொழிக் கழகத்தாரைக் கைதுசெய்து, அவர்கள் தொகுத்துவந்த கொரிய அகராதியின் கையெழுத்துப் படிகளையும் பறித்தது. 1945இல் விடுதலைக்குப் பின், சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் அப்படிகள் கிடைத்தன. அகராதியின் முதல் தொகுதி 1947இல் வெளிவந்தது.