அம்மன் படம் பிடிக்கும் என்று சொல்ல என்ன கூச்சம்?

போன மாதம் புதுச்சேரியில் சினிமா பிடித்த நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். தொண்ணூறுகளின் படங்களில் இன்றும் திரும்பத் திரும்பப் பார்ப்பது எது என்று பேச்சு வந்தது. என் முறை வந்தபோது, எல்லோரும் தலையாட்டும்படியான ஒரு படத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். சுத்தப் பொய். கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ரெட்டிச்சாவடி தாண்டியும் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே வந்தது. இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, 1995-இல் தெலுங்கில் வெளியாகிப் பிறகு தமிழ் பேசிய 'அம்மன்'. அதற்கு அடுத்த இடம் இராம நாராயணன் எடுத்த அம்மன் படங்களுக்கு.

கல்லூரியில் படித்த நாளில் அம்மன் படம் என்ற பேச்சை எடுத்தாலே ஓர் ஏளனச் சிரிப்பு எழும். வேப்பிலை, பாம்பு, சூலம். இதையெல்லாம் பார்ப்பவர்கள் விவரம் தெரியாத பெண்கள் என்று தீர்ப்பு. அதைக் கேட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண்களின் நடுவில் உட்கார்ந்துதான் நான் சினிமா பார்க்கவே கற்றேன். அதை மறைத்தது என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நான் செய்த துரோகம்.

பெரியம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்தவர். முந்திரி உடைப்பவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கருத்து, தோல் உரிந்திருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்தக் கறுப்பு போகாது. அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் 'அம்மன்' படத்துக்கு வந்தார். திருப்பாதிரிப்புலியூரில் அப்போது இருந்த ஒரு தியேட்டர், பகல் காட்சி. வாசலில் அம்மன் சிலை வைத்து, வேப்பிலைத் தோரணம் கட்டி, குங்குமத் தட்டு வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனவர்களை என் கண்ணால் பார்த்தேன்.

கதை உங்களுக்குத் தெரியும். பெற்றவர் இல்லாத பெண். கணவன் வெளிநாடு போய்விடுகிறான். புகுந்த வீட்டில் அவளைக் கொல்லவே பார்க்கிறார்கள். வேலைக்காரச் சிறுமியின் உருவில் அம்மனே அந்த வீட்டுக்குள் வந்து சேர்கிறாள். கோடி ராமகிருஷ்ணா இயக்கிய அந்தப் படத்துக் கிராபிக்ஸ் அன்று எங்களை மிரளவைத்தது. ஆனால் பெண்கள் பக்கத்தை உறையவைத்தது கிராபிக்ஸ் இல்லை, மாமியார் வீட்டுக் காட்சிகள். அந்தப் பெண்ணாக நடித்த சௌந்தர்யா அடிவாங்கும்போது 'ச்சு' என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. தங்கள் வீட்டுக்குள் நடப்பதைத் திரையில் பார்ப்பவர்களின் மௌனம் அது. அம்மனாக ரம்யா கிருஷ்ணன் உருட்டி விழித்துக்கொண்டு வந்து நின்றதும் தியேட்டரே எழுந்துவிட்டது. எங்கள் வரிசையிலேயே ஒரு பெண்மணிக்குச் சாமி வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் தாங்கிப் பிடித்து நெற்றியில் விபூதி பூசினார்கள்.

மூடநம்பிக்கை என்று இதை ஒற்றைச் சொல்லில் முடிப்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னையில் திறந்ததே 1992-இல்தான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில், சிற்றூரில் அடிபட்ட ஒரு மருமகள் யாரிடம் போய்ச் சொல்வாள்? பிறந்த வீட்டில் "பொறுத்துப் போ" என்பார்கள். பஞ்சாயத்திலும் அதையேதான் சொல்வார்கள். "உனக்கு நடந்தது அநியாயம்" என்று அவளுக்காக உரக்கச் சத்தம் போட்டவை இந்தப் படங்கள்தாம். ஊரே மதிக்கும் பல படங்களில், அறைந்த கணவனின் காலில் அவளே விழுந்தாள்.

குறை இல்லாமல் இல்லை. இவற்றில் எத்தனையோ கணவன்மார் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் கடைசியில் மனைவியோடு சேர்ந்து நின்று கும்பிடுகிறார்கள். அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அவ்வளவு நேரம் அவள் துடித்த பிறகா அம்மன் வர வேண்டும் என்றும் நினைப்பேன். 2000-இல் வந்த 'பாளையத்தம்மன்', 'ராஜகாளி அம்மன்' இரண்டிலும் நகைச்சுவைப் பகுதிகளைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறேன். ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கிய இராம நாராயணன், பகல் காட்சிக்கு வரும் பெண்களை ஒருநாளும் இளப்பமாக நினைத்ததில்லை என்பது என் எண்ணம். அவர்கள் எந்த இடத்தில் அழுவார்கள், எந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள் என்று தெரிந்து எடுத்தார்.

2004 ஏப்ரலில் பெங்களூரு அருகே விமான விபத்தில் சௌந்தர்யா இறந்தார். அன்று பெரியம்மா அடுப்பு மூட்டவில்லை. வீட்டுப் பெண்ணைப் பறிகொடுத்ததுபோல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. 'அம்மன்' படத்தைக் கைப்பேசியில்தான் பார்க்கிறேன், பெரும்பாலும் தனியாக. செருப்பைக் கழற்றிவிட்டு வர ஆளில்லை, எழுந்து நிற்கக் கூட்டமில்லை.

அன்று படம் விட்டதும் பெரியம்மாவை ஏற்றிவிடப் பஸ் நிலையத்துக்குப் போனோம். எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தார்கள். பெரியம்மா முதலில் படத்தைப் பற்றித்தான் பேசினார். பிறகு குரல் இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து தன் வீட்டில் நடந்ததை, அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை, அம்மாவிடம் சொல்லத் தொடங்கினார். பண்ருட்டி பஸ் வந்தது. அம்மா "அடுத்ததில் போகலாம் அக்கா" என்றார். அடுத்ததும் வந்தது, அதையும் விட்டார்கள். கடலை தீர்ந்து, பொட்டலக் காகிதத்தில் இருந்த எழுத்தையெல்லாம் படித்து முடித்தேன். மூன்றாவது பஸ்ஸும் புறப்பட்டுப் போனது. அம்மா பெரியம்மாவின் கறுத்த விரல்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.