எல்லாரும் திருப்பி அனுப்பினால் செய்தி தவறாது என்பது சரியல்ல

மொபைல் அட்-ஹாக் வலை என்பது நடுவில் நிலையம் இல்லாமல், நகரும் கருவிகள் தங்களுக்குள் நேரடியாகச் செய்தி கடத்தும் வலை. "அதில் கேட்டதை ஒவ்வொரு கருவியும் திருப்பி ஒலிபரப்பினால் போதும், யாருக்கும் தவறாது" என்று ஒரு கருத்து உண்டு. கருவிகள் சிதறிக் கிடந்தால் சரி. நெருக்கமாக இருந்தால் நடப்பது நேர் எதிர். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பத்துக் கருவிகள் ஒரே பாக்கெட்டை (செய்தித் துண்டை) ஒரே கணத்தில் கேட்டு, ஒன்றாக வாய் திறந்தால் மோதல்தான். வைஃபையில் இப்படிப்பட்ட ஒலிபரப்புக்கு ஒப்புகை, அதாவது 'கிடைத்தது' என்ற பதில், கிடையாது. மோதித் தொலைந்தது அனுப்பிய கருவிக்கே தெரியாது.

1999இல் வந்த ஆய்வு இதை 'ஒலிபரப்புப் புயல்' என்றே அழைத்தது. அதன் கணக்குப்படி, ஒரு மறு ஒலிபரப்பால் புதிதாகச் சேரும் பரப்பு, ஒரு கருவியின் ஒலிபரப்பு எட்டும் பரப்பில் சராசரியாக 41 சதவீதம். அதே செய்தியை நான்கு முறை கேட்ட பிறகு அனுப்பினால் 5 சதவீதத்துக்கும் கீழே. அப்புறம் எதற்கு அனுப்புவது? ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் காத்திருந்து, எத்தனை முறை காதில் விழுகிறது என்று எண்ணிவிட்டு முடிவெடுக்கட்டும்.