பார்பரின் 'அடாஜியோ' கென்னடிக்காக எழுதப்பட்டதா?

"அதிபர் கென்னடி சுடப்பட்ட அன்றிரவு, சாமுவேல் பார்பர் அழுதபடியே எழுதிய இரங்கல் இசை இது" என்ற குறிப்போடு ஓர் ஆடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆடியோ சரி, கதைதான் தவறு.

'அடாஜியோ ஃபார் ஸ்டிரிங்ஸ்' முதலில் 1936-இல் அமெரிக்க இசையமைப்பாளர் பார்பர் எழுதிய ஸ்டிரிங் குவார்ட்டெட்டின், அதாவது நான்கு தந்திக் கருவிகளுக்கான படைப்பின், நடுப்பகுதி. அப்போது அவருக்கு வயது 26. பிறகு அதையே தந்திக் கருவிகளின் ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்தார். 1938 நவம்பர் 5 அன்று ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் டோஸ்கனீனி நடத்த, அமெரிக்காவின் என்பிசி வானொலியில் முதன்முதலாக ஒலித்தது. கென்னடி இறந்தது 1963-இல்! அந்த 1938 ஒலிபரப்பின் பதிவு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இருக்கிறது. நூலகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1945-இல் அதிபர் ரூஸ்வெல்ட் மறைவுச் செய்தியோடும், பின்னர் கென்னடி மறைந்தபோதும் வானொலியில் இது ஒலித்தது. ஆனால் ஸ்கோரின், அதாவது இசைக்குறிப்புத் தாளின், தலைப்பில் இரங்கல் என்ற பேச்சே இல்லை. 'மோல்ட்டோ அடாஜியோ', அதாவது மிக மெதுவாக, என்ற வேகக் குறிப்புதான் இருக்கிறது. சுருதி பி ஃபிளாட் மைனர். மெல்லப் படியேறி, உச்சத்தில் வீறிட்டு, சட்டென்று மௌனம். அப்புறம் தொடக்க மெட்டு திரும்பி வந்தாலும், அந்த அடிப்படைச் சுருதிக்குத் திரும்பாமல் எஃப் மேஜர் ஸ்வரக்கூட்டிலேயே நின்றுவிடுகிறது. கேட்பவர் நெஞ்சு கனப்பதற்கு எனக்குத் தெரிந்து இதுவே போதும், சாவுக்கதை தேவையில்லை.

அந்தக் குறிப்பை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். இசையை மட்டும் தாராளமாக அனுப்புங்கள்.