முதல் மேடைக்கு எதற்கு இந்த ‘ஃபூர் எலீஸ்’?

ஆண்டு விழா தேதியைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அரைமணி நேரத்துக்குள் எனக்குத் தனிச்செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கைதான்: “மிஸ், நம்ம பாப்பாவுக்கு ஃபூர் எலீஸ் கொடுத்துடுங்க.” பேத்தோவனின் அந்தப் பிரபலமான பியானோ உருப்படியைத்தான் கேட்கிறார்கள். பாப்பா பியானோ வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, வலது கையும் இடது கையும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் நான்கு வரி வாசிக்க இப்போதுதான் பழகியிருப்பாள். ஆனால் அவளுடைய அத்தை மகன் போன வருடம் வேறொரு வகுப்பின் விழாவில் அதை வாசித்து, அந்த வீடியோ உறவினர் வீடுகளையெல்லாம் சுற்றி வந்துவிட்டதாம். ஆகவே இவளும் வாசித்தே தீர வேண்டும். சென்னையில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள், வருடத்தில் அவர்கள் பல்லைக் கடிக்கும் பருவம் எதுவென்று சொல்வார்கள்.

அந்த உருப்படியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கோரிக்கை அனுப்புகிறவர்கள் ஒருமுறையாவது கடைசிவரை கேட்டிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். எல்லோருக்கும் தெரிந்திருப்பது முதல் எட்டு பார் (தாளக் கட்டம்) மட்டும். மென்மையாகத் தொடங்கும் அந்த மெட்டு நின்றதும் எஃப் மேஜர் என்ற வேறு சுர வரிசையில் ஒரு பகுதி வருகிறது. அங்கே விரல்கள் திடீரென்று பொடிச் சுரங்களில் ஓட வேண்டும். அதைத் தாண்டினால், இடது கை ஒரே ‘ஏ’ கட்டையை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மேலே கனத்த கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) நகரும் இன்னொரு பகுதி. அதன் முடிவில் மூன்று எட்டங்கள் (ஆக்டேவ், அதாவது ஸ்தாயி) ஏறி, அங்கிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்கிவரும் நீண்ட சறுக்கல். முழுதாக வாசிக்க வேண்டுமானால் பொதுவாகப் பியானோ தேர்வுகளின் ஐந்தாம் கிரேடு அளவுக்காவது கை பழகியிருக்க வேண்டும் என்பார்கள். தொடக்கநிலையான இனிஷியல் கிரேடு தேர்வுக்கே இன்னும் பெயர் கொடுக்காத குழந்தையிடம் இதைத் திணிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இத்தனைக்கும் 1810-இல் எழுதிய அந்த உருப்படியைப் பேத்தோவன் தம் ஆயுளில் அச்சுக்கே கொடுக்கவில்லை. அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து, 1867-இல்தான் அது வெளிவந்தது. அவருக்கே இல்லாத அவசரம் நம் பெற்றோருக்கு இருக்கிறது.

முடியாது என்று சொன்னால் அடுத்த அஸ்திரம் தயாராக இருக்கிறது: “ஈசி வெர்ஷன் இருக்காமே மிஸ், லிங்க் அனுப்பறேன்.” இந்த ஈசி வெர்ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இடது கையின் ஓட்டத்தை வெட்டி ஒற்றைச் சுரமாக்கி, பெடலை (சுரத்தை நீடிக்கவைக்கும் கால்மிதியை) எடுத்துவிட்டு, நடுப்பகுதிகளைத் தூக்கிப் போட்ட பிறகு மிஞ்சுவது அந்த உருப்படி அல்ல, அதன் பெயர்ப்பலகை மட்டுமே. பேத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’வின் முதல் பகுதிக்கும் இதே கதிதான். நான்கு ஷார்ப் (சுரத்தை அரைச் சுரம் உயர்த்தும் குறி) கொண்ட சி ஷார்ப் மைனரை, அந்தக் குறியே இல்லாத ஏ மைனருக்கு மாற்றி, கீழே எட்டம் பிடிக்கக் கை எட்டாது என்பதால் ஒற்றை விரலால் அழுத்தவைத்து, மெட்டைச் சுண்டு விரலில் தனித்து எடுத்துக் காட்டும் வேலையையே மறந்துவிட்டால், அதில் நிலவும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆனால் அழைப்பிதழில் ‘பேத்தோவன்’ என்று அச்சாகிவிடும், அது போதும்.

இதில் வீட்டில் இருக்கும் வாத்தியத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. என் மாணவர்களில் பெரும்பாலோர் பழகுவது 61 கட்டை கீபோர்டில். விலை குறைந்தவற்றில் மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான். விழா நடக்கும் அரங்கிலோ 88 கட்டைகள் கொண்ட உண்மையான பியானோ. அதன் கட்டைகள் கனமானவை. தொடுகிற விதத்துக்கு ஏற்பப் பதில் சொல்பவை. நான் சொன்ன அந்தச் சறுக்கல் தொடங்குமுன் ஏறிப்போகும் உச்சச் சுரம் 61 கட்டையில் கிடையவே கிடையாது. கீபோர்டு அதற்கு இரண்டு வெள்ளைக் கட்டை முன்பே முடிந்துவிடுகிறது. வீட்டில் இல்லாத கட்டையை மேடையில் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு குழந்தையிடம் எதிர்பார்க்கிறோம். அதோடு, சிறப்பு விருந்தினர் வரும்வரை ஏசி அரங்கில் விரல் விறைக்க உட்கார்ந்திருந்து, பெடலுக்குக் கால் எட்டாத நாற்காலியில் ஏறி, முந்நூறு பேர் முன்னால் தொடங்க வேண்டும். இத்தனையும் சேர்ந்து ஒன்பதாவது பாரில் கை நின்றுவிட்டால், “வீட்ல நல்லாதான் வாசிச்சா, என்ன ஆச்சுன்னே தெரியல” என்று அம்மா என் முகத்தைப் பார்ப்பார்.

இதே பெற்றோர் பாட்டு வகுப்பில் எவ்வளவு பொறுமைசாலிகள் தெரியுமா? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று வருடக்கணக்கில் வாயைத் திறக்காமல் காத்திருப்பார்கள். கீதம் பாடும் பெண்ணைப் பஞ்சரத்னக் கீர்த்தனை பாடவைக்கச் சொல்லிப் பாட்டு வாத்தியாரிடம் கேட்க யாருக்காவது துணிச்சல் வருமா? பியானோ என்றதும் அந்த நிதானம் எங்கே போய்விடுகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

முதல் மேடைக்கென்றே எழுதிவைத்தாற்போல் உருப்படிகள் இல்லையென்றால்கூட இந்த ஆசையை மன்னிக்கலாம். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் தம் மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளை ஒட்டி 1848-இல் எழுதத் தொடங்கிய தொகுப்பில் 43 உருப்படிகள் இருக்கின்றன. அதில் எட்டாவது ‘வைல்ட் ஹார்ஸ்மேன்’. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது. வலது கை ஏ மைனரில் குதிரையைத் துள்ளவைக்கும். நடுவில் அதே மெட்டு எஃப் மேஜரில் இடது கைக்குத் தாவும். மறுபடி வலது கைக்கே வந்து முடியும். கற்கவேண்டியது ஒரு மெட்டு, கேட்பவருக்குக் கிடைப்பது ஒரு முழு நாடகம். கபலேவ்ஸ்கியின் ‘டோக்காட்டினா’ இன்னும் கெட்டிக்காரத்தனமானது: வலது கை ஒரே வடிவத்தைக் கலைக்காமல் கட்டைகளின் மேல் இடம் மாற்றிக்கொண்டே போக, இடது கை மெட்டைப் பாடும், அரங்கில் இருப்பவர்களுக்கு அது பெரிய வித்தையாகக் கேட்கும், வாசிக்கும் குழந்தையின் கைக்கோ அது அடங்கிய வேலை. புர்க்முல்லரின் ‘அராபெஸ்க்’ இருக்கிறது. ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய நாட்டுப்பாடல்களைச் சிறுவர்களுக்காக பார்டோக் அமைத்துக் கொடுத்தவை இருக்கின்றன. ஜி மேஜர் மினுவெட் இருக்கிறது: 32 பார், இரண்டே குரல் (கைக்கு ஒரு மெட்டு), தொடக்கமும் முடிவும் தெளிவு. (அதை இயற்றியவர் பாக் அல்ல, பெட்ஸோல்ட் என்று தெரிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, விழா மலரில் நான் திருத்தி அனுப்பினாலும் ஒவ்வொரு வருடமும் யாரோ பாக் என்று மாற்றிவிடுகிறார்கள். பெயர் மோகம் அங்கேயும் விடவில்லை.)

இவற்றில் ஒன்றைச் சொன்னால் வரும் பதில்: “பேரே கேள்விப்படாதது மிஸ்.” கேள்விப்பட்டதுதான் வேண்டுமென்றால் அடுத்து சினிமாப் பாட்டுக்கு வந்து நிற்பார்கள். பாடகர் குரலை வளைத்து, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைத்துப் போகும் இடத்தில்தான் அந்தப் பாட்டின் உயிர் இருக்கிறது. பியானோவின் கட்டை வளையாது. தேர்ந்த கை அந்தக் குறையை இடது கையின் கார்டுகளால் ஈடுகட்டும். தொடக்கநிலைக் குழந்தை வாசித்தால் பாட்டின் எலும்புக்கூடுதான் கேட்கும்.

பெற்றோரை மட்டும் திட்டி ஆவதில்லை. அடுத்த வருடச் சேர்க்கையை மனதில் வைத்து, விழாவை விளம்பரமாக நடத்தும் வகுப்புகள் இருக்கின்றன. ஆறு மாதம் வேறெதுவும் சொல்லித்தராமல், சுரம் படிக்கவும் பழக்காமல், எந்தக் கட்டைக்குப் பிறகு எந்தக் கட்டை என்று ஒரே ஒரு பெரிய உருப்படியை உருப்போட வைத்து மேடையேற்றுகிறார்கள். அங்கிருந்து என்னிடம் மாறிவந்த ஒரு பையன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். நடுவில் நிறுத்தி, “இங்கேயிருந்து தொடங்குப்பா” என்று நான் தாளைக் காட்டினேன். அவனால் முடியவில்லை, மறுபடி முதலிலிருந்துதான் வர முடிந்தது. மேடையில் ஒரு விரல் தப்பியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்?

ஆகவே இந்த ஆண்டு முறையை எழுதியே ஒட்டிவிட்டேன். குழந்தை இப்போது கற்றுக்கொண்டிருக்கும் பாடத்துக்கு ஒரு படி கீழே உள்ளதுதான் மேடைக்கு. விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே அது தடங்கலின்றி வந்திருக்க வேண்டும். நடுவில் எந்த வரியைக் காட்டினாலும் அங்கிருந்து தொடங்கத் தெரிய வேண்டும். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும் என்பதால், வகுப்பில் ஒரு மாற்றுக் குறைவான வேகத்தில்தான் பழகுவோம். அரங்கத்துப் பியானோவில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்காத குழந்தையை மேடையேற்ற மாட்டேன். அதற்காக அரங்கக்காரர் கேட்கும் கூடுதல் வாடகையைக் கட்டணத்தில் சேர்த்துத்தான் வாங்குவேன். உருப்படியைத் தேர்ந்தெடுப்பது நானும் குழந்தையும். லிங்க் அனுப்புகிறவர்கள் அல்ல. இது பிடிக்காமல் வேறு வகுப்பு தேடுகிறவர்கள் தாராளமாகப் போகலாம், மாதக் கட்டணத்தில் மீதியைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.